நாயகனுக்குப் பட்டம், நாயகிக்குக் கேள்வி

2025 நவம்பரில் 'அதர்ஸ்' படத்துக்காகச் சென்னையில் நடந்த செய்தியாளர் சந்திப்பு பாதியிலேயே சண்டையாக மாறியது. அந்தப் படத்தின் ஒரு பாட்டில் நாயகன் நாயகியைத் தூக்குகிறார். தூக்கும்போது எவ்வளவு வெயிட்டாக இருந்தார் என்று முந்தைய நிகழ்ச்சி ஒன்றில் ஒரு யூடியூபர் கேட்டிருந்தார். '96' படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்த கௌரி கிஷன் அதை அப்படியே விட்டுவிடவில்லை. என் எடைக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு நடிகரிடம் இதைக் கேட்பீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். எதிரில் இருந்தவர் இறங்கி வரவில்லை, குரலைத்தான் உயர்த்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த படக்குழுவினர் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. அடுத்த நாட்களில் சென்னைப் பத்திரிகையாளர் மன்றமும் நடிகர் சங்கமும் கண்டித்தன. கேட்டவர் வருத்தம் தெரிவித்து வீடியோ போட்டார். அதில் வருத்தத்தைக் காணோம் என்று கௌரி ஏற்க மறுத்துவிட்டார்.

அது சாதாரணக் கேள்விதான் என்பது கேட்டவரின் வாதம். ஒரு வகையில் அவர் சொன்னது உண்மை. தமிழ்ச் சினிமாப் பத்திரிகையின் வழக்கப்படி அது சாதாரணக் கேள்விதான். இந்தச் சாதாரணம் எப்படி உண்டானது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். முதல் பேசும்படம் வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இத்தனை காலத்தில் தமிழ் ஊடகங்கள் ஆண் நட்சத்திரத்தை ஒரு விதமாகவும் பெண் நட்சத்திரத்தை வேறு விதமாகவும் செய்து வைத்திருக்கின்றன. நடிகருக்குப் புகழ் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். நடிகைக்குப் புகழ் தனி, மரியாதை தனி. முன்னது கூடும்போது பின்னதைப் பற்றிய சந்தேகமும் கூடும். மரியாதை வேண்டுமென்றால் உடம்பைப் பார்வையிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும். பக்தையாகலாம், தாயாகலாம், இல்லையென்றால் செத்துப் போகலாம்.

தொடக்கத்திலேயே இது தெரிகிறது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி. 1936இல் தான் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கி இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். பொதுஅறிவுப் புத்தகங்களிலும் துணுக்குகளிலும் அவர் இன்றும் 'முதல் கதாநாயகி'தான், இயக்குநர் என்பது அடைப்புக்குறிக்குள் வந்துபோகிறது. கே.பி.சுந்தராம்பாளோ கணவர் கிட்டப்பா 1933இல் இறந்ததும் வெள்ளைச் சேலைக்கு மாறியவர். 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவருக்குத் தரப்பட்ட ஒரு லட்ச ரூபாய் அன்றைக்கு யாரும் கேள்விப்படாத தொகை. படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். பிறகு மணிமேகலை, ஔவையார், 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். காதலியாக யாரும் பார்க்க முடியாத இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்ட பிறகு அவரைப் பற்றிக் கேள்வி எழவில்லை. அவர் சட்ட மேலவைக்குப் போனபோதும் எழவில்லை.

எம்.எஸ்.சுப்புலட்சுமியின் கதையில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையே பார்க்கலாம். 1930களில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. இளம் வயது எம்.எஸ்.ஸும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் மேல்நாட்டுப் பாணி இரவு உடையில், உதட்டில் சிகரெட்டுடன் கேமராவைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குத் தெரியாமல் இரண்டு தோழிகள் ஸ்டூடியோவில் செய்த குறும்பு. பல பத்தாண்டுகள் கழித்துப் பொதுவெளிக்கு வந்தபோது பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். காரணம், எல்லோர் மனதிலும் இருந்தது வேறு படம்: பட்டுச் சேலை, வைர மூக்குத்தி, மல்லிகை, பாதி மூடிய கண்.

அந்த வேறு படத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு கணவர் சதாசிவத்துக்கு. அவர் விளம்பரக் கலையில் தேர்ந்தவர், பத்திரிகைக்காரர். 1941இல் அவரும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் 'கல்கி' இதழைத் தொடங்கினார்கள். முதலீட்டுக்கு உதவியது 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்ததற்கு எம்.எஸ். வாங்கிய சம்பளம். நடிகையின் கூலியில் ஒரு பத்திரிகை பிறந்தது. அந்தப் பத்திரிகையும் அதைச் சுற்றியிருந்த உலகமும் அவரிடமிருந்த நடிகையை மெல்ல மெல்ல அழித்து எழுதின. 1945இல் 'மீரா' வந்தது, அதோடு நடிப்பு நின்றது. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக, இசைவேளாளர் மரபில் பிறந்தவர் பக்தியே உருவான குடும்பத் தலைவியானார். டி.ஜே.எஸ்.ஜார்ஜ் எழுதிய வாழ்க்கை வரலாறும், 2015இல் டி.எம்.கிருஷ்ணா எழுதிய நீண்ட கட்டுரையும் இந்த மாற்றத்தைப் பேசியபோது ரசிகர்களில் ஒரு பகுதியினருக்குக் கோபம் வந்தது. குரலின் மேன்மையை இருவருமே மறுக்கவில்லை. அந்தக் குரலுக்குப் போர்த்திய சேலையை யார் நெய்தது என்றுதான் கேட்டார்கள்.

இதே 1940களில் ஊடகத்தின் மறு கையும் வேலை செய்தது. லட்சுமிகாந்தன் என்பவர் 1943இல் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைக் கதைகளே சரக்கு. அன்றைய நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் ஆளுநர் வரைக்கும் முறையிட்டு அதன் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் 'இந்து நேசன்' இதழ் வழியாக அதே சரக்கோடு திரும்பி வந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையானார்கள். இந்த வழக்கைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாயகர்களின் வீழ்ச்சியைத்தான் சொல்கின்றன. அந்தத் தாள்களில் வாரா வாரம் பெயர் அடிபட்ட நடிகைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெளிப்படையாகப் பெயர் போட்டால் ஆபத்து என்ற பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் நன்றாகப் படித்துக்கொண்டார்கள். விளைந்தது கிசுகிசு நடை. 'மூன்றெழுத்து நடிகை', 'பால் நடிகை', 'விரல் நடிகர்', 'உச்ச நடிகர்'. பெயர் இல்லை, அதனால் வழக்கு இல்லை. வாசகருக்கோ விடுகதை அவிழ்த்த சுகம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நடிகருக்கு அடையாளம் அவர் செய்கை அல்லது அந்தஸ்து. நடிகைக்குப் பெயரின் எழுத்து, ஊர், இல்லாவிட்டால் இடுப்பு. செய்தியிலும் அப்படியே. 'உச்ச நடிகர்' சம்பளத்தை ஏற்றினால் அது அவர் மார்க்கெட், நடிகை ஏற்றினால் 'ஓவர் பந்தா'. தினத்தந்தியில் குருவியாருக்கு வாசகர்கள் அனுப்பும் கேள்விகளைப் படித்து வளர்ந்த எவருக்கும் இந்த நடை தண்ணீர்பட்ட பாடு. 'குருவியாரே' என்று ஆரம்பித்து அந்த நடிகைக்கு எப்போது கல்யாணம், இந்த நடிகை ஏன் இளைத்துவிட்டார் என்று போகும். குருவியாரின் பதில் பெரும்பாலும் கேலியாகவும் கேள்வியைவிடக் கண்ணியமாகவும் இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாசகர் கேட்பதைத்தான் தருகிறோம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு விநியோக ஏற்பாடு. 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தின்போது 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் முதல் மக்கள் தொடர்பாளர் ஆனார். அதற்குப் பிறகு ஸ்டில்களும் செய்திக் குறிப்புகளும் பத்திரிகை அலுவலகத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. நடுப்பக்கத்துக்கு எந்தப் படம் போவது என்பதில் பாதி முடிவு பி.ஆர்.ஓ.வின் கவரிலேயே எடுக்கப்பட்டுவிடும். நாயகன் படமென்றால் முகமும் கையும், நாயகி படமென்றால் தலை முதல் கால் வரை. பட்டங்களும் இப்படித்தான் வந்தன. 1978இல் 'பைரவி' வெளியானபோது ரஜினிகாந்தை 'சூப்பர் ஸ்டார்' என்று போஸ்டரில் அடித்தவர் சென்னை நகர விநியோகஸ்தர் தாணு. ஒரு வியாபாரியின் போஸ்டர் வாசகம் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே ரஜினியின் 1993ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். பிப்ரவரியில் 'எஜமான்', நாயகி மீனா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் ரஜினியைச் சுற்றி வந்த குழந்தை மீனாதான். ஜூனில் 'உழைப்பாளி', அம்மாவாக சுஜாதா. 1977இல் பாலசந்தரின் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவியாக நடித்தவர். நிஜத்தில் ரஜினியைவிட இரண்டு வயது இளையவர். ஒரே ஆண்டில் குழந்தை மனைவியானாள், மனைவி அம்மாவானாள், நாயகன் நாயகனாகவே இருந்தார். திரையில் மட்டும் என்றால் இது சினிமா விமர்சனத்தோடு முடிந்துபோகும். ஆனால் வயதைப் பற்றிப் பேசும் பொறுப்பைப் பத்திரிகைகளும் நடிகையிடமே கொடுத்துவிட்டன. 2015இல் '36 வயதினிலே' படத்துடன் ஜோதிகா வந்தபோது, கல்யாணம் ஆன ஒரு பெண் வேலைக்குத் திரும்பியதே தலைப்புச் செய்தி. அந்த இடைவெளி முழுவதும் நடித்துக்கொண்டிருந்த கணவர் சூர்யாவுக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

நோயுற்ற உடம்பு, காயம்பட்ட உடம்பு என்று வரும்போது வித்தியாசம் இன்னும் துலக்கமாகிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் அவர் இருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. வாக்கு கேட்டு வீட்டு வாசலுக்கு வராமலேயே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். 1984இல் மீண்டும் அதே கதை. அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருக்கிறார், தேர்தல் வருகிறது, அவர் தேறி வருவதைக் காட்டும் வீடியோவைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். கட்சி மறுபடி வென்றது. அந்த உடம்பின் பலவீனத்தைக் காட்டக் காட்ட அவர் மேல் அன்பு பெருகியது. எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய நூல், திரையும் அரசியலும் ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்த்தன என்பதை விரிவாகச் சொல்கிறது.

அவருக்கு ஜோடியாக நடித்த ஜெயலலிதாவுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. 1965இல் வந்த அவருடைய முதல் தமிழ்ப்படம் 'வெண்ணிற ஆடை' வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழோடு வந்தது. அரசியலுக்கு வந்த பிறகும் எதிர்க்கட்சி மேடைகளில் அவர் நடிகை என்பது வசைச்சொல்லாகவே பயன்பட்டது. எம்.ஜி.ஆருக்கு அதே தொழில் தகுதி. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் கலவரம் நடந்தது. தன் சேலை இழுக்கப்பட்டது என்று ஜெயலலிதா சொன்னார், தி.மு.க. மறுத்தது. கலைந்த கூந்தலோடு அவர் வெளியே வந்த காட்சியைப் பத்திரிகைகள் திரௌபதி கதையாக எழுதின. 1991இல் முதல்வரான பிறகு சேலைக்கு மேல் தோளிலிருந்து இறங்கும் ஒரு மேலங்கி வந்தது. முகமும் கைகளும் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் படாத தோற்றம். அப்போதுதான் 'அம்மா' முழுமை பெற்றது. கட்டவுட்டில் தெய்வ வடிவங்கள், பின்னால் 2013 முதல் உணவகம், குடிநீர், உப்பு என்று அரசு விற்ற பொருள்களிலெல்லாம் அந்தச் சொல்லும் அந்த முகமும். கன்னட, தெலுங்கு, தமிழ்ப் படங்களில் ஆடிப்பாடிய இளம்பெண்ணை அந்தச் சொல் முற்றிலும் மூடிவிட்டது. மூடியவர் அவரேதான். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனாலும் அப்படி மூடாமல் அந்த நாற்காலியில் உட்கார ஊடகங்கள் விட்டிருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை அவர் அப்பல்லோவில் இருந்தார். எழுபத்தைந்து நாளில் ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. 'அம்மா' தன்னை அந்தக் கோலத்தில் யாரும் பார்ப்பதை விரும்பமாட்டார் என்று கட்சிக்காரர்களே சொன்னார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 20 அன்று, ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், அவர் படுக்கையில் பழரசம் குடிப்பதாகக் காட்டும் வீடியோவை தினகரன் அணி வெளியிட்டது. தொலைக்காட்சிகள் அதை ஓட்டின. எம்.ஜி.ஆரின் கட்டைக் காட்டியபோது தொண்டர்கள் அழுதார்கள். இந்த வீடியோவைப் பார்த்தவர்கள் கால் தெரிகிறது, நைட்டி தெரிகிறது, எந்த அறை, எந்த ஜன்னல் என்று துப்பறிந்தார்கள்.

சாவும் மரியாதைக்கு ஒரு வழி என்று மேலே சொன்னதற்குச் சாட்சி சில்க் ஸ்மிதா. 'வண்டிச்சக்கரம்' படத்தில் ஏற்ற வேடத்தின் பெயரே அவர் பெயராக ஒட்டிக்கொண்டது. 'அலைகள் ஓய்வதில்லை'யில் அவர் செய்த குடும்பப் பெண் வேடத்தைப் பார்த்தவர்களுக்கு அவரால் என்ன முடியும் என்பது தெரியும். சினிமாவுக்கும் பத்திரிகைகளுக்கும் அது தேவைப்படவில்லை. 1996 செப்டம்பர் 23 அன்று இறந்தார், வயது 35. உயிரோடு இருந்தவரை கவர்ச்சிப் படத்துக்குக் கீழே இரட்டை அர்த்தத்தில் வாசகம் எழுதியவர்கள், இறந்த பிறகு அவருடைய தனிமையைப் பற்றி உருக்கமாக எழுதினார்கள். அவர் பிறந்த தேதியான டிசம்பர் 2 அன்று, 2011இல் 'தி டர்ட்டி பிக்சர்' வெளியாகி வித்யா பாலனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. 2023இல் 'மார்க் ஆண்டனி' படத்தில் அவரையொத்த உருவம் திரையில் வந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது.

உயிரோடிருக்கும் நடிகை கருத்து சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2005ஆம் ஆண்டு சாட்சி. ஒரு வார இதழ் பாலியல் பழக்கங்கள் பற்றிய கருத்துக்கணிப்பை வெளியிட்டு, கூடவே குஷ்புவின் கருத்தையும் கேட்டுப் போட்டது. படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, பெண்கள் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நாளிதழ்ச் செய்தியாக மாறும்போது அது சூடேறியது. துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. தமிழ்நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. கணிப்பை நடத்திய இதழின் மேல் அந்தத் துடைப்பங்கள் பெரிதாகத் திரும்பவில்லை. திருச்சியில் குஷ்புவுக்குக் கோயில் என்று பல ஆண்டுகள் துணுக்கு எழுதி மகிழ்ந்த அதே பக்கங்களில் இப்போது அவருக்குத் தமிழ்ப் பண்பாடு கற்பித்தார்கள்.

2009 அக்டோபரில் ஒரு நாளிதழ் சில நடிகைகளைப் பாலியல் தொழிலோடு சேர்த்துப் பெயரும் படமும் போட்டது. செய்தி ஆசிரியர் கைதானார். நடிகர் சங்கம் கூட்டம் போட்டுக் கொதித்தது. அந்தக் கூட்டத்தில் பேசியதற்காக எட்டு நட்சத்திரங்கள் மேல் அவதூறு வழக்கு வந்து, 2017இல் பிடிவாரண்ட் வரை போனது. கடைசியில் விவகாரம் நடிகர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இடையிலான கௌரவச் சண்டையாகிவிட்டது. பெயர் போடப்பட்ட பெண்கள் ஓரமாகிப் போனார்கள்.

தொலைக்காட்சி இதே அச்சை வேகப்படுத்தியது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக முழக்கமிட்ட செவிலியர் ஜூலியை 'வீரத்தமிழச்சி' என்றார்கள். ஜூனில் முதல் 'பிக் பாஸ்' வீட்டுக்குள் போனார். இருபத்து நான்கு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக வெட்டித் தருபவர்களின் கையில் சில வாரங்களிலேயே அவர் பொய்க்காரி, சக போட்டியாளர் ஓவியா தேவதை. ஓவியாவுக்கு 'ஆர்மி' கிளம்பியது, ஜூலிக்கு மீம்.

ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கிடைத்த இடம் இன்னும் குறுகலானது. விஜய் டிவி 2008இல் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் திருநங்கை ஒருவரின் கையில் கொடுத்தது. 2014 சுதந்திர தினத்தன்று கோவையின் லோட்டஸ் டிவியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். இரண்டுமே நாடு திரும்பிப் பார்த்த முதல்கள். மறு ஆண்டே ஷங்கரின் 'ஐ' ஒரு திருநங்கைப் பாத்திரத்தை அருவருப்பாகச் சித்திரித்தது. திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கை ஷில்பாவாக நடித்ததற்கு விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஷில்பாவாக நடிக்கத் திருநங்கை ஒருவருக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தால் என்ன என்ற கேள்வி விருது மேடை வரை போகவில்லை.

யூடியூப் வந்த பிறகு கிசுகிசுவுக்குப் புதிர் தேவையில்லை. பெயர், படம், சிவப்பு வட்டம், அம்புக்குறி எல்லாம் தம்ப்நெயிலிலேயே இருக்கின்றன. 2021 அக்டோபரில் நாக சைதன்யாவும் சமந்தாவும் பிரிந்தபோது, குழந்தை வேண்டாம் என்றார், கருவைக் கலைத்தார், கள்ள உறவு வைத்திருந்தார் என்று எல்லாப் பழியும் ஒரு பக்கமாகவே வந்து விழுந்தது. சமந்தா ஐதராபாத்தில் வழக்குப் போட்டு வீடியோக்களை நீக்க உத்தரவு வாங்கினார். நீதிமன்றம் போக வசதியுள்ளவருக்கு அது முடிந்தது. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிய வீடியோ பரவியபோது, பி.ஆர்.ஓ.வும் ஸ்டில் கேமராவும்கூடத் தேவையில்லாத காலம் வந்துவிட்டது தெரிந்தது.

தன் கதையைத் தானே சொல்லி விற்பது இப்போதைய தற்காப்பு. நயன்தாரா அதில் முன்னோடி. படத்தின் விளம்பர நிகழ்ச்சிகளுக்குப் பல ஆண்டுகள் பெரும்பாலும் போகாமலே இருந்தார், பேட்டியும் அரிதாகவே தந்தார். 'மாயா', 'அறம்', 'கோலமாவு கோகிலா' என்று நாயகன் இல்லாமல் ஓடிய படங்கள் கையில் இருந்ததால் அந்த மௌனம் செல்லுபடியானது. 2019இல் மூத்த நடிகர் ஒருவர் மேடையில் அவரை இழிவாகப் பேசியபோது தன் கட்சியிலிருந்தே தற்காலிகமாக நீக்கப்பட்டார், இருபது ஆண்டுக்கு முன் நடந்திருக்காத காரியம். 'லேடி சூப்பர்ஸ்டார்' என்று இனி அழைக்க வேண்டாம், பெயரே போதும் என்று 2025 மார்ச்சில் அவரே அறிக்கை விட்டார். ஆண் நடிகர்களிலும் அஜித், கமல் போன்றோர் பட்டத்தை வேண்டாம் என்றிருக்கிறார்கள். அவர்களுடைய பட்டம் இன்னொருவர் பட்டத்தின் பெண்பால் அல்ல என்பது மட்டும் வித்தியாசம்.

2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரத்தில் நடந்த நயன்தாராவின் திருமணம் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படமாக 2024 நவம்பர் 18 அன்று வந்தது. அவருக்கும் கணவர் விக்னேஷ் சிவனுக்கும் காதல் மலர்ந்த 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்புக் காட்சி ட்ரெய்லரில் மூன்று விநாடி இருந்தது. படத்தின் தயாரிப்பாளர் தனுஷ் பத்துக் கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். நயன்தாரா பகிரங்கக் கடிதம் எழுதினார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு நடிகை தன் வாழ்க்கையைச் சொல்ல, தன் உருவம் பதிந்த மூன்று விநாடிக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது உண்மையிலேயே சுவையான சட்டக் கேள்வி. அந்த வாரம் யூடியூப் சேனல்கள் அதைத் தொட்டதே அபூர்வம். அவருக்கும் இவருக்கும் அந்தக் காலத்தில் என்ன நடந்தது, முன்னால் யாரைக் காதலித்தார், அந்தக் கல்யாணம் ஏன் நின்றது என்று பழைய படங்களைத் தேடி எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டிருந்தன.